கிளிபோட்டுக்கு ஒரு இருபது வோட்டு

பதினேழு வருடமாக அகஸ்ரினை ஒருவரும் தெரிவு செய்யவில்லை. ஆனாலும் அவர்தான் தலைவர்.

'கண்ணாத்துறை மக்கள் ஒன்றியம் – கனடா'வின் யாப்பில், அதாவது விதிப் புத்தகத்தில், வருடாவருடம் இரகசிய வாக்கெடுப்பு மூலம் தலைவர் தெரிவு நடக்க வேண்டும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதியிருக்கிறது. எழுதியவரும் அகஸ்ரின்தான். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தபோது தன் நேர்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது. அதன் பிறகு அந்தப் பக்கத்தை யாரும் திறக்கவில்லை.

நடப்பது வேறு. மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு, மல்வேர்னில் தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூடும். செயலாளர் அறிக்கை வாசித்து முடித்து, "அடுத்தது நிருவாகத் தெரிவு" என்பார். உடனே ஆண்களுக்கு, காரைச் சரியான இடத்தில்தான் நிறுத்தினோமா என்ற சந்தேகம் வந்துவிடும். பெண்களுக்குக் கழிப்பறை ஞாபகம் வரும். கதிரையில் இருந்தால் யாராவது முன்மொழிந்து விடுவார்கள். முன்மொழிந்தால் முடிந்தது கதை, ஒரு வருடம் மண்டபம் பிடித்துக் கொத்துரொட்டிக்குச் சொல்லிச் சாக வேண்டியதுதான். அரைவாசி காலியான மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும்பும்: "பழைய நிருவாகமே தொடரட்டும்!" கைதட்டல். அகஸ்ரின் எழுந்து, "எனக்குத் துளியும் விருப்பமில்லை, நீங்கள் எல்லாரும் வற்புறுத்திறதாலை..." என்று தொடங்குவார். யாரும் வற்புறுத்தவில்லை என்பது மனைவி யூஜினிக்குத் தெரியும். அவர் முன்வரிசையில் இருந்து கொட்டாவியைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வார்.

ஸ்காபரோவில் ஒரு பாண் பேக்டரியில், நாலாம் லைனில், பர்கர் பணிஸ் பைகளுக்கு வாய் கட்டுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பது அகஸ்ரினின் வேலை. அங்கே அவர் பெயர் 'ஓகஸ்ட்'. சூப்பர்வைசருக்கு அதற்கு மேல் ஞாபகம் இருப்பதில்லை. ஊரவர் ஒருவர் காலமானால் மட்டும், முதல் மாலை யார் கையில் என்ற கேள்விக்கே இடமில்லை. கலியாண மண்டபத்தில் "தலைவர் வாறார், கதிரையைக் குடு" என்று ஒரு குரல் கேட்கும். அறுபத்தொரு வயதில், முழங்கால் வலியோடும் பிரஷர் குளிசையோடும் அகஸ்ரினைக் கட்டிலை விட்டு எழுப்புகிற சொல் அது ஒன்றுதான். வீட்டிலும் அந்தச் சொல் புழங்கியது. "தலைவர், இண்டைக்குக் குப்பை எடுக்கிற நாள்" என்பார் யூஜினி.

இப்படி நாடு அமைதியாக இருந்த காலத்தில்தான் றொய்சன் வட்ஸ்அப்பில் எழுதினான்.

றொய்சன் முப்பது வயது, ஐரி கொம்பனியில் கம்பியூட்டர் வேலை, ஒன்றியத்தின் குழுவில் நூற்று நாற்பத்து மூன்றாவது ஆள். இரண்டு வருடமாக வாய் திறக்காதவன், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் இப்படிப் போட்டான்: "ஜஸ்ட் ஆஸ்க்கிங். எங்கடை சங்கத்திலை கடைசியா எப்ப எலக்சன் நடந்தது?"

அவ்வளவுதான். காலை வணக்கப் பூக்களும், கீரையின் மருத்துவக் குணங்களும் ஓடிக்கொண்டிருந்த குழு அப்படியே உறைந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து அந்தச் செய்திக்குக் கீழே ஒரு பெருவிரல் முளைத்தது. பிறகு இன்னொன்று. இரவுச் சாப்பாட்டுக்கு முதல் மூன்று.

"மூண்டு பெருவிரல், யூஜினி," என்றார் அகஸ்ரின்.

"அதுக்கென்ன? பெடியன் கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது? நடக்கேல்லை எண்டோ?"

"நடக்கேல்லைத்தானே."

அகஸ்ரின் புட்டைப் பிசைந்தபடி இருந்தார். மூன்று பெருவிரலில் ஒன்று அவருடைய சொந்த மச்சானுடையது.

மறுநாள் பேக்டரியில் சாப்பாட்டு இடைவேளையில் இதைத் தீமூரிடம் சொன்னார். தீமூர் மூன்றாம் லைன். அகஸ்ரினுக்கு முதுகு காட்டி எட்டு வருடமாக நிற்கிறவன். அவனுடைய நாட்டின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அங்கே அவனுக்கு இன்னும் ஒரு அக்கா இருக்கிறாள், அரசாங்க உத்தியோகம். இருவரும் பேசுவது ஆங்கிலம். அது ஆங்கிலம்தான் என்பதில் அவர்கள் இருவருக்கும் சந்தேகம் கிடையாது.

"பதினேழு வருடம்தானா?" என்றான் தீமூர். "எங்களுடையவர் இருபத்தாறு. வருகிற ஞாயிறு திரும்பவும் தேர்தலில் நிற்கிறார்."

"ஆர் வெல்லுவார்?"

தீமூர் அவரைக் கொஞ்ச நேரம் பரிவோடு பார்த்தான். "ஓகஸ்ட், நாலு பேர் போட்டியிடுகிறார்கள். மற்ற மூன்று பேரும் மேடையேறி, முதலாம் ஆள் எவ்வளவு நல்லவர் என்று பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது அழுதே விட்டார். போனமுறை தொண்ணூற்றொரு வீதம் எடுத்தார். முந்தித் தொண்ணூற்றொன்பது. அது கூடிப்போச்சு, வெளியில் சிரிக்கிறார்கள் என்று குறைத்துவிட்டார்கள். தொண்ணூற்றொன்று மரியாதையான எண்."

அகஸ்ரின் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். அவருக்குப் பசி போய்விட்டது. வேறொரு பசி வந்திருந்தது.

அந்த ஞாயிறு தீமூரின் கார் கராஜில் கிடந்தது. நோர்த் யோர்க்கில் அவர்களுடைய தூதரகத்துக்காரர் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வாக்குச் சாவடி திறந்திருந்தார்கள். அகஸ்ரின்தான் ஏற்றிக்கொண்டு போனார். உதவிக்குப் போனேன் என்று பிறகு சொன்னார். உண்மையில் பயிற்சிக்குத்தான் போனார்.

போய்ப் பார்த்தால் அது தேர்தல் மாதிரியே இல்லை, பெரியபிள்ளையானவளுக்குச் செய்கிற சாமத்திய வீடு மாதிரி இருந்தது. வாசலில் பலூன். உள்ளே பாட்டு. கோட் போட்ட ஒருவர் வருகிற ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். அவசரத்தில் அகஸ்ரினுக்கும் கொடுத்து, வந்ததற்கு நன்றி என்றார். முதன்முறை வோட்டுப் போடுகிற பிள்ளைகளுக்குப் பூவும் ஒரு தடித்த புத்தகமும். அறையின் அந்தக் கோடியில், ஆட்டிறைச்சியும் கரட்டும் போட்ட சோற்றைப் பெரிய தாச்சியிலிருந்து அகப்பையால் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வரிசை பெட்டிக்கு முன்னால் அல்ல, தாச்சிக்கு முன்னால்தான் நீளமாக நின்றது. சனம் தங்கள் பாஷையில் ஒருவரையொருவர் தோளில் தட்டிச் சத்தம் போட்டுச் சிரித்தது. எட்டு வருடத்தில் தீமூர் அப்படிச் சிரித்து அகஸ்ரின் கண்டதில்லை.

திரும்பி வரும்போது, மடியில் ஒரு பெட்டி சோற்றோடு தீமூர் சொன்னான்: "நான் மூன்றாம் ஆளுக்குப் போட்டேன்."

அகஸ்ரின் பிரேக்கை மிதித்துவிட்டார். "பயமில்லையோ?"

"என்ன பயம்? பாவம் அந்த மனிதர். பூச்சியம் வந்தால் மனைவிக்கு எப்படி முகம் கொடுப்பார்? அவரே தனக்குப் போட்டிருக்க மாட்டார்." கொஞ்ச தூரம் போன பிறகு, "ஓகஸ்ட், எங்கள் ஊரில் கஷ்டமான வேலை எது தெரியுமா? தேர்தலில் எதிர்த்து நிற்க ஆள் பிடிப்பது. நல்ல ஆளாக இருக்க வேண்டும். ஆனால் அளவுக்கு மிஞ்சி நல்ல ஆளாக இருக்கக் கூடாது."

முதல் பாதியை அகஸ்ரின் கவனமாகக் கேட்டார். இரண்டாம் பாதி வரும்போது நெடுஞ்சாலைக்குள் நுழைகிற மும்முரத்தில் இருந்தார்.

அன்றைக்கே பின்னேரம் குழுவில் அறிவித்தல் போட்டார்: இம்முறை தலைவர் தெரிவு யாப்பின்படி இரகசிய வாக்கெடுப்பு. பொன்னம்பலம் மாஸ்டர் தெரிவத்தாட்சி அலுவலர், வாக்கு எண்ணுவதும் அவரே. போட்டியிட விரும்புவோர் ஒரு கிழமைக்குள் அறியத் தரவும்.

ஒருவரும் அறியத் தரவில்லை. றொய்சனும்தான். அது எதிர்பார்த்ததே. ஏழாம் நாள் அகஸ்ரின் மோர்னிங்சைட்டில் கிளிபோட்டின் வீட்டுக்குக் காரை விட்டார்.

கிளிபோட்டைத் தெரியாத கண்ணாத்துறையார் இல்லை, ஆனால் கிளிபோட்டைக் கவனித்தவரும் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் பராமரிப்பு வேலை. ஒன்றியத்தின் எந்தக் கூட்டம் என்றாலும் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குவான். கடைசி ஆளாக நின்று கதிரை மடிப்பான். இடையில் தேத்தண்ணி ஊற்றுவான். குழுப் படங்களில் அவன் இருக்க மாட்டான், ஏனென்றால் படம் எடுப்பதும் அவன்தான்.

அவன் கதவைத் திறந்ததும் அகஸ்ரின் நேராக விசயத்துக்கு வந்தார்: தன்னை எதிர்த்து அவன் போட்டியிட வேண்டும். கிளிபோட் கம்பளத்தின் சுருக்கைக் காலால் நீவி விட்டான்.

"அப்ப நான் தோக்கிறதுக்குத்தான் நிக்கவேணும்?"

"சீ, அப்பிடிச் சொல்லாதை. சனநாயகம் வெல்லுறதுக்கு நிக்கிறாய்."

"வெண்டிட்டா?"

அகஸ்ரின் மனம்விட்டுச் சிரித்தார். கிளிபோட்டும் சிரித்தான். அடுக்களைக்குள் அவன் மனைவி வேரோனிக்காவும் சிரித்தது கேட்டது. மூன்று பேரும் சிரித்து முடிய, கிளிபோட் மெதுவாகச் சொன்னான்: "அண்ணை, நீங்கள் கேட்டு நான் மாட்டன் எண்டு சொன்னதில்லை. ஆனா ஒண்டு. எனக்கு ரெண்டோ மூண்டோ விழுந்துதெண்டா... எனக்குப் பரவாயில்லை. இவ கோயிலிலை பாட்டுப் படிக்கிறவ. பாட்டுக்காரர் எல்லாரும் அங்கை இருப்பினம்."

வேரோனிக்கா ரோல்ஸ் தட்டோடு வந்தார். "எனக்கொண்டுமில்லை அண்ணை. இவருக்கு விசர். தோத்தா என்ன, கூட்டத்துக்கெண்டு நான் முந்தியே ஒரு சாறி எடுத்து வைச்சிட்டன், ஆடித் தள்ளுபடி மாதிரி இஞ்சையும் ஒரு மலிவு விற்பனை நடந்தது." பிறகு தட்டை வைத்துவிட்டு, "ஒரு பத்தெண்டாலும் விழும்தானே?" என்றார்.

அந்தக் கேள்வி அகஸ்ரினின் நெஞ்சில் எங்கேயோ போய் ஒட்டிக்கொண்டது.

"பத்தென்ன, இருபது விழும். நான் பொறுப்பு," என்றார். சொன்ன பிறகுதான், தன் எதிராளியின் வாக்குக்குத் தானே பொறுப்பெடுத்த முதல் வேட்பாளர் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

மனக்கணக்கு இதுதான்: எழுபது, எழுபத்தைந்து பேர் வருவார்கள். தனக்கு ஐம்பத்தைந்து, அவனுக்கு இருபது. றொய்சனின் வாய் அடைபடும், வேரோனிக்காவின் முகமும் வாடாது. மரியாதையான எண். அடுத்த இரண்டு கிழமையும் வேலை முடிந்து வந்து தொலைபேசியோடு குந்தினார். ஆட்களைப் பார்த்துத்தான் தெரிந்தெடுத்தார்; நம்பிக்கையான இருபத்திரண்டு பேர்.

"தங்கச்சி, எனக்கொரு உதவி. வோட்டைக் கிளிபோட்டுக்குப் போடு."

"ஏன் அண்ணை, நீங்கள் எலக்சன் கேக்கேல்லையோ?"

"நான் கேக்கிறன். நான் வெல்லுவன். அவன் பாவம், மனுசிக்காரியும் வாறா. ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை, என்ன?"

"சீ, நான் ஏன் சொல்லுறன்!"

கண்ணாத்துறை ஆட்களிடம் ஒன்றை ஒருத்தருக்கும் சொல்லாதே என்று சொல்வது எப்பேர்ப்பட்ட காரியம் என்பதை, பதினேழு வருடம் அவர்களுக்குத் தலைவராக இருந்த மனிதர் மறந்துவிட்டார்.

பொதுக்கூட்டம் அன்று வெளியே பனி கரைந்து சேறாகி, மண்டப வாசல் முழுக்க உப்பும் சப்பாத்துமாகக் கிடந்தது. வழக்கத்தை விடக் கூடுதல் சனம். தேர்தல் என்றால் முன்மொழியப்படுகிற ஆபத்து இல்லை என்ற நிம்மதியில் எல்லாரும் கதிரையிலேயே இருந்தார்கள். பொன்னம்பலம் மாஸ்டர் கோட், ரை, கழுத்துக் கம்பளியோடு வந்திருந்தார். ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில் ஏழு தேர்தலில் வாக்குச் சாவடிக் கடமை செய்தவர். எண்பத்திரண்டு வயதில் எட்டாவது கிடைக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ரைஸ் குக்கர் வந்த மட்டைப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து, உள்ளே ஒன்றுமில்லை என்று மூலைக்கு மூலை நடந்து காட்டினார். பின்வரிசையில் ஒரு பிள்ளை மாஜிக் நடக்கப்போகிறது என்று நினைத்துக் கைதட்டியது.

முதலில் வேட்பாளர் உரை. அகஸ்ரின் பதினேழு வருடச் சாதனைகளைப் பதினேழு நிமிடத்தில் சொன்னார். அதன் பிறகு கிளிபோட்டைத் தேத்தண்ணி அண்டாவடியிலிருந்து கூப்பிட்டார்கள். கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பேசத் தெரியாது. அகஸ்ரின் அண்ணை நல்லாச் செய்யிறார். எனக்குப் போடாதேங்கோ, அவருக்கே போடுங்கோ." அண்டாவைத் திரும்பிப் பார்த்தான். "சீனி போடாத தேத்தண்ணி இடப்பக்கத்து மேசையிலை இருக்கு. சீனி வருத்தக்காரர் மாறி எடுத்துப்போடாதேங்கோ."

மண்டபம் சிரித்தது. அகஸ்ரினும் சிரித்தார். தீமூரின் நாட்டிலும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்து, எல்லாம் ஒழுங்காகப் போகிறது என்று திருப்திப்பட்டார். அந்த நாட்டில் சனத்துக்குப் பயம் இருக்கிறது, இங்கே சனத்துக்குக் கிளிபோட்டைப் பார்க்கப் பாவமாக மட்டும்தான் இருக்கிறது என்ற வித்தியாசம் அவர் கண்ணில் படவில்லை.

வரிசையாகப் போய்ப் போட்டார்கள். அகஸ்ரினின் முறையும் வந்தது. திரைக்குப் பின்னால் பேனையைப் பிடித்தபடி நின்றார். மேடைக்குக் கீழே வேரோனிக்கா புதுச் சாறியில், பாட்டுக்காரருக்கு நடுவில், ஒன்றும் நடக்காத மாதிரி நிமிர்ந்து இருப்பது திரை இடைவெளியால் தெரிந்தது. 'இருபத்திரண்டு பேரிலை ரெண்டு பேர் காய்ச்சலெண்டு வரேல்லை,' என்று எண்ணினார். 'மூண்டு பேர் மறந்திருப்பினம். பதினேழுக்கு இறங்கிப்போடும்.' ஒரு வோட்டில் தனக்கு என்ன குறையப்போகிறது? கிளிபோட் என்ற பெயருக்கு நேரே புள்ளடி போட்டு மடித்துப் பெட்டிக்குள் விட்டார். வெளியே வரும்போது, ஒரு பெரிய மனிதர் நடப்பது போலத் தன்னையறியாமல் மெதுவாக நடந்தார்.

மாஸ்டர் பக்கத்து அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினார். நெடுநேரம் எண்ணினார். பிறகு கதவை ஒரு சாண் திறந்து, விரலால் அகஸ்ரினைக் கூப்பிட்டார்.

மேசையில் இரண்டு அடுக்கு. ஒன்று உயரம், ஒன்று கட்டை.

"எழுபத்துநாலு விழுந்தது," என்றார் மாஸ்டர். "செல்லுபடியாகாதது ரெண்டு. ஒண்டிலை இதயம் கீறியிருக்கு. மற்றதிலை 'இருவருக்கும் வாழ்த்துக்கள்' எண்டு எழுதியிருக்கு." துண்டு ஒன்றை நீட்டினார்.

கிளிபோட் 58. அகஸ்ரின் 14.

அகஸ்ரின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். இலக்கங்கள் அசையவில்லை.

"ரெண்டு தரம் எண்ணினனான்," என்றார் மாஸ்டர். "வந்து போட்டவை எனக்கே காதுக்குள்ளை சொல்லிப்போட்டுப் போகினம், அகஸ்ரின் எப்பிடியும் வெல்லுவான், இந்தப் பாவத்துக்கு ஒண்டு போடுவம் எண்டு. இரகசிய வாக்கெடுப்பெண்டா என்னெண்டு இந்தச் சனத்துக்குத் தெரியாது."

அகஸ்ரின் கதிரையில் இருந்தார். இருபத்திரண்டு பேர் இரண்டு கிழமையில் ஐம்பத்தெட்டாகப் பெருகியிருந்தார்கள். கட்டை அடுக்கைப் பார்த்தார். அதில் ஒன்று கிளிபோட்டுடையதாக இருக்கும். இன்னொன்று வேரோனிக்காவுடையது, புருசன் சொன்னால் சொன்னபடி செய்கிறவ.

மாஸ்டர் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நான் எண்ணுற ஆள். ஒலிவாங்கியிலை வாசிக்கிறது தலைவர், அதுதான் எங்கடை வழக்கம். பேர் மேலை கீழை மாறி எழுதுபட்டுப்போச்சுதெண்டு நினைச்சு நீ வாசிச்சாலும், நான் வாய் திறக்கமாட்டன். கண்ணிலை காட்டரக்ட் ஒப்பரேசனுக்கு நாள் குடுத்திருக்கினம். ஆர் என்னைக் கேப்பினம்?"

"மாஸ்டர்!"

"நான் சொல்லேல்லை. நீ பதினேழு வருசம் நாய் படாப் பாடு பட்டனி. அதைச் சொல்லுறன்."

துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அகஸ்ரின் மேடைக்கு வந்தார். மண்டபம் அடங்கியது. ஐம்பத்தெட்டு அகஸ்ரின், பதினாலு கிளிபோட். வாயால் சொல்ல மூன்று செக்கன்தான். ஒருவருக்கும் ஆச்சரியமிராது, எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்துக் கொண்டிருந்தார்கள். கிளிபோட்டுக்கும் அது நிம்மதியாக இருக்கும். மாலை, மண்டபம், "தலைவர் வாறார், கதிரையைக் குடு" எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். இருபத்தாறு வருடக்காரர் ஏன் விடாமல் இருக்கிறார் என்பது அந்த ஒரு கணத்தில் அகஸ்ரினுக்கு நன்றாகவே விளங்கியது. அந்த மனிதர் மேல் கொஞ்சம் இரக்கமும் வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். அண்டாவடியில் கிளிபோட், அவருக்குக் கைதட்டுவதற்காகக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் தயாராக விரித்து வைத்திருந்தான். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. வேரோனிக்கா தன் எண்ணைக் கேட்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது; செபம் சொல்கிறாரோ, பத்து வரை எண்ணுகிறாரோ.

இருபது தருகிறேன் என்று அவர்களுடைய வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்டு வந்தவர் அகஸ்ரின். கையில் இருப்பது ஐம்பத்தெட்டு. இதை மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது?

"கிளிபோட்," என்று வாசித்தார். "ஐம்பத்தெட்டு."

வேரோனிக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அகஸ்ரின், பதினாலு. புதுத் தலைவருக்கு எல்லாரும் ஒருக்காப் பலமாக் கைதட்டுங்கோ பாப்பம்!"

யாரும் தட்டவில்லை. எழுபத்துநாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். 'நான் மட்டும்தானே போட்டேன், நீயுமா?' என்ற கேள்வி வரிசை வரிசையாகப் போய்ப் பின்சுவரில் முட்டித் திரும்பி வந்தது. யாரோ ஒருவருக்கு முதலில் சிரிப்பு வெடித்தது; பிறகு மண்டபமே வெடித்தது; அதற்குப் பிறகுதான் கைதட்டல், கூரை பறக்க.

கிளிபோட் மட்டும் சிரிக்கவில்லை. ஓடி வந்தான். "மாஸ்டர், பிழையா எண்ணிப்போட்டியள்!"

"என்னடா சொன்னனி?" என்றார் மாஸ்டர், கம்பளியை இழுத்து விட்டபடி. "ஏழு தேர்தல் செய்தவன் நான்!"

"அண்ணை, நான் விலகுறன். இப்பவே விலகுறன். நீங்கள் சொன்னனியள் தோக்கிறதுக்கெண்டு."

"மெல்லமாக் கதை, ஒலிவாங்கி வேலை செய்யுது," என்றார் அகஸ்ரின். "ஆறு மாசத்துக்கு விலகேலாது. யாப்பிலை இருக்கு. விசரன் எவனோ எழுதி வைச்சிருக்கிறான்." அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, தன்னுடைய கதிரையில் இருத்தினார். அவன் நுனியில் இருந்தான், எந்த நேரமும் கதிரையை மடித்து அடுக்கச் சொல்வார்கள் என்கிற மாதிரி.

அகஸ்ரின் மேடையை விட்டு இறங்கினார். வழியில் றொய்சன் எழுந்து நின்று கையைப் பிடித்தான். அவனுக்கு முகம் வெளிறியிருந்தது. "சொறி அங்கிள். நான் உங்களுக்குத்தான் போட்டனான், சத்தியமா. நான் எலக்சன் எப்ப எண்டு சும்மா கேட்டனான், அவ்வளவுதான்."

"நீ கேட்டது நல்ல கேள்வி, தம்பி. பதினேழு வருசம் பிந்திக் கேட்டாய்."

இந்த முறை நாலாம் வரிசையில் இருந்த யூஜினி கைப்பையை எடுத்துப் பக்கத்துக் கதிரையைக் காலியாக்கினார். அகஸ்ரின் அமர்ந்தார். சனத்துக்கு நடுவில் இருந்து மேடையைப் பார்த்தால், மேடை அவர் நினைத்திருந்ததை விடச் சின்னதாக இருந்தது.

"இஞ்சாருங்கோ," என்றார் யூஜினி, முன்னால் பார்த்தபடி. "கோவிக்கக் கூடாது. நானும் கிளிபோட்டுக்குத்தான் போட்டனான். பாட்டுக்காரர் எட்டுப் பேருக்கும் நான்தான் சொன்னனான். அவ சாறியைக் காட்டி, வடிவா இருக்கோ எண்டு கேட்டவ. எனக்கு மனம் கேக்கேல்லை."

"நானும் அவனுக்குத்தான் போட்டனான்."

யூஜினி திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்தார். இந்த முறை கொட்டாவி இல்லை. தோள் குலுங்கச் சிரித்தார். பத்து நிமிடத்துக்கு முதல்தான் பதவி போன மனிதருக்கு, மனைவி தன்னைப் பார்த்து இப்படிச் சிரித்துக் கனகாலம் என்று பட்டது. அவர் யூஜினியின் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். வலித்த முழங்கால்தான். எடுக்கவில்லை.

மேடையில் செயலாளர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, "கடைசி விடயம், வேறு ஏதாவது இருந்தால் உறுப்பினர்கள் கேக்கலாம்" என்றார். பதினேழு வருடமாக அந்த வரிக்கு அடுத்த வரி 'நன்றியுரை' என்பதால், வாசித்துக்கொண்டே பேப்பரை மடித்தார்.

நாலாம் வரிசையில் ஒரு கை எழும்பியது. மண்டபம் திரும்பிப் பார்த்தது.

"தலைவர் அவர்களே," என்றார் அகஸ்ரின். அந்தச் சொல்லை வேறொருவருக்குச் சொல்லும்போது அது வாயில் அவ்வளவு கசக்கவில்லை. "கோடை ஒன்றுகூடலை வருசா வருசம் ஏன் அதே பார்க்கிலை வைக்கிறியள்? கழிப்பறைக்குப் போய் வர ஒரு பஸ் பிடிக்கவேணும். வயசு போனதுகள் என்ன செய்யிறது?"

கிளிபோட் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்தான். "அண்ணை... அந்தப் பார்க்கைப் பிடிச்சது நீங்கள்தானே!"

"அது பழைய தலைவர் விட்ட பிழை. அந்தாளை விடுங்கோ. நீங்கள் என்ன செய்யப்போறியள்?"

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. கிளிபோட் காத்திருந்தான். பிறகு, முதன்முறையாகக் கதிரையின் முதுகில் முழுசாகச் சாய்ந்து, "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை ஒரு பார்க் இருக்கு," என்றான். "கழிப்பறை கிட்ட. பூட்டுத் திறப்பு வைச்சிருக்கிறவரை எனக்குத் தெரியும். நாளைக்கே கேக்கிறன்."

"அப்பிடிச் சொல்லுங்கோ!" என்றது பின்வரிசை. வேரோனிக்கா சாறித் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். இங்கே ஒரு கை, அங்கே இரண்டு கை என்று மண்டபத்தில் கைகள் எழும்பத் தொடங்கின. பதினேழு வருடமாகச் சனம் மனதுக்குள் இவ்வளவு வைத்திருந்ததா என்று அகஸ்ரின் வியந்து பார்த்தார். றொய்சன்கூட எதையோ ஜஸ்ட் ஆஸ்க் பண்ண எழுந்து நின்றான்.

அகஸ்ரின் தன் கையை இறக்கவில்லை. அவரிடம் இன்னும் நாலு கேள்வி இருந்தது.